ஆர்வி பயணத்தில் வழியில் ஓர் இரவு: செயின் கேம்ப்கிரவுண்டைப் பார்த்துப் புக் செய்வது எப்படி?

போன வருடம் ஜூனில் அத்தையும் மாமாவும் ஊரிலிருந்து வந்திருந்தபோது, 30 அடி ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு டாலஸிலிருந்து கிராண்ட் கேன்யன் வரை போய் வந்தோம். பெரியவர்கள் இருவர், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "வண்டி புக் பண்ணியாச்சு. வழியில ராத்திரி எங்க நிறுத்துறது?"

கேன்யன் பக்கத்தில் எங்கே தங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் போய் இறங்கி, சாப்பிட்டுத் தூங்கி, காலையில் கிளம்பிவிடுகிற இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டாலஸிலிருந்து என்றால் அமரில்லோ, அல்புகர்கி, ஃபிளாக்ஸ்டாஃப் என்று போக மூன்று இரவு, திரும்ப மூன்று இரவு. பார்க்கப் போகும் இடத்தில் தங்குவதைவிட வழியில் தங்கும் இரவுகள்தான் அதிகம். அங்கேதான் காசும் வீணாகப் போகும், தூக்கமும் கெடும்.

நான் இப்போது பார்க்கும் கணக்கு ஒன்றுதான். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் எதையெல்லாம் உண்மையிலேயே பயன்படுத்துவோம்? கரன்ட், தண்ணீர், கழிவைக் கொட்ட ஒரு குழி, ஒரு நல்ல குளியல், சத்தமில்லாத ஏழு மணி நேரம். இதற்கு மேல் இருக்கும் நீச்சல் குளம், மினி கோல்ஃப், சனிக்கிழமை பான்கேக் எல்லாம் நல்லவைதான். நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவை நமக்கு எதற்கு?

முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள்

கேம்ப்கிரவுண்ட், அதாவது காசு கொடுத்து இரவு வண்டியை நிறுத்தும் இடம், தேடுவதற்கு முன்னால் வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். ஆர்விக்காரர்கள் மத்தியில் 3-3-3 என்று ஒரு விதி புழங்குகிறது: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மதியம் 3 மணிக்குள் போய்ச் சேர், ஒரே இடத்தில் 3 இரவு தங்கு. மூன்றாவது நம் விடுமுறைக்கு ஒத்துவராது. முதல் இரண்டும் பொன்னான பேச்சு.

டாலஸிலிருந்து அமரில்லோ சுமார் 365 மைல். கூகுள் ஐந்தரை மணி நேரம் என்றது. எங்களுக்கு எட்டு மணி நேரம் ஆயிற்று. இந்த வண்டியை மணிக்கு 60, 65 மைலுக்கு மேல் விரட்ட முடியாது. அமரில்லோ இருக்கும் பான்ஹேண்டில் என்ற வட டெக்சாஸ் பகுதியில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். கூகுள் சொல்லும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் இருந்தால் இன்னும் கொஞ்சம்.

மேற்கே போகும்போது நேரம் கூடுதலாகக் கிடைக்கும். நியூ மெக்சிகோ எல்லையில் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அரிசோனாவில் பெரும்பாலான இடங்களில் கோடைக்காலக் கடிகார மாற்றம் கிடையாது என்பதால் ஜூனில் அங்கே இன்னொரு மணி நேரம். திரும்பி வரும்போது இதே இரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேம்ப்கிரவுண்ட் அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓட்டும் நாளில் இது உறைக்கும்.

எந்தப் பெயர் எதற்கு

செயின் என்றால் ஒரே பெயரில் பல ஊர்களில் கிளை வைத்திருப்பவை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும் மஞ்சள் பலகை கே.ஓ.ஏ. (கேம்ப்கிரவுண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா) என்ற செயினுடையது. 1962-இல் மொன்டானா மாநிலம் பில்லிங்ஸில், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் தொடங்கியது. அந்த வருடம் சியாட்டிலில் நடந்த உலகக் கண்காட்சிக்குக் காரில் போனவர்களுக்கு வழியில் இரவு தங்க இடம் வேண்டியிருந்தது. டேவ் டிரம் என்பவர் அதைக் கவனித்து, தம் நிலத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ஆக, ஆரம்பத்திலேயே இது வழிப்போக்கர்களுக்கான சத்திரம்தான். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 500 கிளைகளுக்கு மேல் இருக்கின்றன.

அவர்கள் தங்கள் கிளைகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜர்னி என்பது நெடுஞ்சாலைக்கு அருகில், வழியில் தங்கிப் போகிறவர்களுக்காக. ஹாலிடே என்பது இரண்டு மூன்று நாள் இருந்து சுற்றிப் பார்க்க. ரிசார்ட் என்பது அதுவே போய்ச் சேரும் இடம். ஓர் இரவுக்கு ஜர்னி என்று போட்டிருப்பதை முதலில் பாருங்கள். இந்தப் பிரிவைக் கவனிக்காமல் பெயரை மட்டும் பார்த்துப் புக் செய்கிறவர்கள்தான் அதிகம்.

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். இந்தக் கிளைகளில் பெரும்பாலானவை பெயருக்கு உரிமம் வாங்கித் தனியார் நடத்துபவை. கணவனும் மனைவியுமாக நடத்தும் கிளைகள் உண்டு, நாலைந்து கிளைகளை ஒரே ஆள் வைத்திருப்பதும் உண்டு. ஒரே பலகை, வேறு வேறு கை. ஊரில் பைபாஸில் ஒரே பெயரில் பத்து ஹோட்டல் இருந்தாலும் ஒரு கிளைச் சாம்பார் இன்னொரு கிளையில் இருக்காதே, அதே கதைதான். செயின் பெயர் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் தரும்: அலுவலகம் இருக்கும், கரன்ட் கம்பம் இருக்கும், ஷவர் இருக்கும், இரவில் தாமதமாகப் போனாலும் ஓர் ஏற்பாடு இருக்கும். அதற்கு மேல் அந்தந்தக் கிளையைத்தான் எடை போட வேண்டும்.

ஜெல்லிஸ்டோன் பார்க் என்பது இன்னொரு செயின். யோகி பேர் கார்ட்டூன் கரடியின் பெயரில் 1969-இல் விஸ்கான்சினில் தொடங்கியது. பிள்ளைகள் உயிரையே விடுவார்கள். நீர்ச்சறுக்கு, கரடி வேஷம் போட்டவரோடு போட்டோ, எல்லாம் உண்டு. அதனாலேயே ஓர் இரவுக்குச் சரிவராது, பிள்ளைகள் காலை எட்டு மணிக்கு வண்டியில் ஏற மாட்டார்கள். தவுசண்ட் டிரெயில்ஸ் உறுப்பினர் சந்தா முறையில் இயங்குவது, வருடத்தில் பல வாரம் வண்டியிலேயே இருப்பவர்களுக்கு. வாடகை வண்டிக்காரர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

குட் சாம் என்பது செயின் அல்ல. தனித்தனிக் கேம்ப்கிரவுண்டுகளை நேரில் பார்த்து மதிப்பெண் போட்டு, உறுப்பினர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி வாங்கித் தரும் அமைப்பு. ஒவ்வொரு இடத்துக்கும் பத்துக்கு எத்தனை என்று மூன்று எண்கள் இருக்கும்: முதலாவது வசதிகள், இரண்டாவது கழிப்பறையும் குளியலறையும், மூன்றாவது பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பது. ஓர் இரவுக்கு நான் நடு எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். அதன் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் சந்தோஷம்.

தள்ளுபடி அட்டை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: கே.ஓ.ஏ. அட்டையும் இரவுக் கட்டணத்தில் 10 சதவீதம் குறைக்கிறது. எங்களுக்கு ஓர் இரவுக்கு 55 முதல் 90 டாலர் வரை ஆனது. சராசரியாக 70 என்று வைத்தால் ஒரு இரவுக்கு 7 டாலர் மிச்சம். அட்டையின் வருடக் கட்டணத்தை 7-ஆல் வகுங்கள். அத்தனை இரவுகள் அந்தச் செயினில் தங்கப் போகிறீர்களா என்று பாருங்கள், அவ்வளவுதான். பாஸ்போர்ட் அமெரிக்கா என்ற அட்டை பாதி விலை என்கிறது. உண்மைதான், ஆனால் வார இறுதியிலும் சீசனிலும் அந்தச் சலுகை பல இடங்களில் கிடையாது. நாம் போவதோ அந்த நாட்களில்தான்.

ஒரு கிளையை எடை போடுவது

இனி வேலை ஆரம்பம். பெயரைக் கண்டுபிடித்ததும் புக் பொத்தானை அமுக்காதீர்கள். சாட்டிலைட் படத்தைத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெடுஞ்சாலை எத்தனை அடியில்? ரயில் பாதை எங்கே?

ரயில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமரில்லோவிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் வரை நாம் போகும் ஐ-40 நெடுஞ்சாலை நெடுக ரயில் ஊர்கள். காலப், ஹோல்புரூக், வின்ஸ்லோ, ஃபிளாக்ஸ்டாஃப் எல்லாமே தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்தவை. சரக்கு ரயில்கள் இரவு பகல் பார்க்காமல் போகும். ரயில் ஓடும் சத்தத்தில் தூங்கிவிடலாம், தாலாட்டு மாதிரி. தூக்கத்தைக் கெடுப்பது ஹார்ன். லெவல் கிராசிங் வருவதற்கு 15 முதல் 20 விநாடி முன்பிருந்தே இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் என்று ஊத வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். சத்தம் 96 முதல் 110 டெசிபல். அதனால் தண்டவாளம் எவ்வளவு தூரம் என்பதைவிட, சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடம் எவ்வளவு தூரம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சில ஊர்கள் கிராசிங்குகளில் கூடுதல் பாதுகாப்பு அமைத்து, ஹார்ன் ஊத வேண்டாத பகுதி என்று அனுமதி வாங்கியிருக்கின்றன. விமர்சனங்களில் 'டிரெயின்' என்று தேடினால் விஷயம் தெரிந்துவிடும்.

விமர்சனம் படிக்கும்போது நட்சத்திரக் கணக்கை விட்டுவிட்டு, கடைசி ஆறு மாதத்தில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள். முதலாளி மாறினால் இடமே மாறிவிடும். தரை சமமாக இல்லை, உள்ளே திருப்பம் குறுகல், மரக்கிளை கூரையில் உரசியது என்று யாராவது எழுதியிருந்தால் நம்புங்கள். வைஃபை மெதுவாக இருக்கிறது என்ற புலம்பலைக் கண்டுகொள்ளாதீர்கள். எல்லா இடத்திலும் மெதுவாகத்தான் இருக்கிறது.

அடுத்து இடத்தின் வகை. 'புல்-த்ரூ' என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறலாம். 'பேக்-இன்' என்றால் ரிவர்ஸில் ஏற்ற வேண்டும். முதல் பயணத்தில் எட்டு டாலர் குறைவு என்று நான்தான் பேக்-இன் புக் செய்தேன். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். கணவர் ஸ்டியரிங்கில், நான் பின்னால் போன் விளக்கோடு, மாமா இடது பக்கம் நின்று "வா, வா, ஸ்டாப், ஸ்டாப்" என்று ஊரில் லாரிக்குச் சொல்வதுபோல. நாற்பது நிமிடம். கடைசியில் பக்கத்து வண்டியிலிருந்து நைட் கவுன் போட்ட ஒரு பெரியவர் இறங்கி வந்து, ஜன்னல் வழியே கணவரிடம் இரண்டே வார்த்தை சொல்லி, மூன்று நிமிடத்தில் ஏற்றிவிட்டார். எட்டு டாலரை இன்றுவரை எனக்குச் சொல்லிக்காட்டுகிறார்கள். வழியில் தங்கும் இரவுக்குப் புல்-த்ரூ மட்டும்தான்.

புக் செய்யும்போது வண்டியின் முழு நீளத்தைப் போடுங்கள். வாடகை கம்பெனியின் பட்டியலில் 30 அடி என்றால் 30 அடி. பின்னால் கார் இழுத்துப் போகிறவர்கள் அதையும் சேர்க்க வேண்டும். கரன்ட் எத்தனை ஆம்ப் என்றும் கேட்கும். வாடகைக்குக் கிடைக்கும் சி கிளாஸ் (ஓட்டுநர் இருக்கைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை) வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்ப். 50 ஆம்ப் இடத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் உங்களுக்கு லாபமில்லை. தண்ணீர், கரன்ட் இரண்டும் உள்ள இடமே போதும், கழிவுக் குழாய் இடத்திலேயே வேண்டாம். வளாகத்துக்குள் பொதுவான டம்ப் ஸ்டேஷன் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொண்டு, காலையில் கிளம்பும்போது அங்கே கொட்டிவிட்டுப் போகலாம்.

அப்புறம் கட்டணத்தின் அடியில் இருக்கும் சின்ன எழுத்து. பல இடங்களில் அடிப்படைக் கட்டணம் இரண்டு பேருக்குத்தான். எங்களைப்போல ஆறு பேர் என்றால் தலைக்கு இவ்வளவு என்று சேரும். குறிப்பிட்ட இடத்தையே பிடித்து வைக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள். ரத்து செய்யும் விதி கிளைக்குக் கிளை மாறும். அதைப் படித்து, கடைசி நேரம் எது என்று போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் டயர் பஞ்சரானால் திட்டமே நகர்ந்துவிடும்.

ஆர்வியே இல்லாமல் காரில் போகிறவர்களும் இந்த இடங்களில் மரக் கேபின் எடுக்கலாம். சாதாரணக் கேபினில் கட்டில், மெத்தை உண்டு. போர்வை, தலையணை நாம்தான் கொண்டுபோக வேண்டும், கழிப்பறை வெளியே. இரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் இதை யோசித்துச் செய்யுங்கள்.

எல்லா இரவும் காசு கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் ஓர் இரவு இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைக்குக் கடை மேலாளர் முடிவு, சில ஊர்களில் உள்ளூர்ச் சட்டமே தடுக்கிறது. அதனால் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். நாற்காலி போட்டு, பந்தல் விரித்து உட்காரக் கூடாது. ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்ற சந்தாவில் பண்ணைகள், ஒயின் தயாரிப்பவர்கள் தங்கள் நிலத்தில் ஓர் இரவு நிறுத்த விடுவார்கள், பதிலுக்கு அவர்களிடம் ஏதாவது வாங்குவது மரியாதை. லவ்ஸ் லாரி நிறுத்தங்கள் சிலவற்றில் ஆர்விக்கென்றே கரன்ட் உள்ள இடங்கள் உண்டு.

இலவச இரவு சரிவருமா என்பதை ஊரின் உயரத்தை வைத்தே முடிவு செய்துவிடலாம். அமரில்லோ 3,600 அடி, ஜூன் இரவில் ஏசி இல்லாமல் பெரியவர்களால் தூங்க முடியாது. கம்பத்துக் கரன்ட் இல்லையென்றால் ஜெனரேட்டர்தான் ஓட்ட வேண்டும். வாடகை கம்பெனிகள் பல அதற்கு மணிக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. பக்கத்து வண்டிக்காரரும் முறைப்பார். ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி. அங்கே ஜூன் இரவில் ஜன்னலைத் திறந்தால் போர்வை தேடுவோம், கரன்டே வேண்டாம். எனவே தாழ்ந்த ஊரில் செயின் கேம்ப்கிரவுண்ட், உயர்ந்த ஊரில் இலவச இடம் என்று மாற்றி மாற்றி வைத்தோம். ஃபிளாக்ஸ்டாஃபைச் சுற்றிய கொக்கோனினோ தேசியக் காட்டில் பல இடங்களில் இலவசமாகவே தங்கலாம். ஆனால் பல வாடகை ஒப்பந்தங்கள் மண் சாலையில் ஓட்டத் தடை போடுகின்றன, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிவுத் தொட்டியும் இதோடு சேர்ந்த கணக்கு. எங்கள் ஆறு பேருக்குத் தொட்டி இரண்டு நாளில் நிறைந்தது. அதனால் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது டம்ப் ஸ்டேஷன் உள்ள இடம் வேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்ததும்

அலுவலகம் மூடியிருந்தால் பயப்பட வேண்டாம். வாசலில் ஒரு பலகை, அதில் உங்கள் பெயர் எழுதிய உறை, உள்ளே வரைபடம், அதில் உங்கள் இடத்துக்குப் பேனாவால் வட்டம் போட்டிருப்பார்கள். விளக்கை மங்கலாக்கிக்கொண்டு மெதுவாக உருட்டுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் விதி.

கரன்ட் கம்பத்தில் முதலில் பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகுங்கள், பிறகு போடுங்கள். தண்ணீருக்கு வெள்ளையோ நீலமோ குடிநீர்க் குழாய்தான், தோட்டத்துப் பச்சைக் குழாய் ஆகாது. குழாயடியில் அழுத்தம் குறைக்கும் சின்னப் பித்தளைக் கருவியை மாட்டுங்கள். வாடகைப் பெட்டியில் அது இருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே கேளுங்கள்.

இனி சமையல். அமரில்லோவில் இறங்கியதும் ஏசியைப் போட்டோம். அத்தை இன்டக்ஷனில் சாம்பார் வைத்தார், நான் இன்ஸ்டன்ட் பாட்டில் சாதம் வைத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், அடுப்பும் குக்கரும் ஒன்றாக அணைந்தன. "இங்கயும் கரன்ட் கட்டா?" என்றார் மாமா. கணக்குப் போட்டால் காரணம் எளிது. 30 ஆம்ப், 120 வோல்ட், மொத்தம் 3,600 வாட். ஏசிக்குச் சுமார் 1,500, இன்டக்ஷன் முழு வேகத்தில் 1,800, குக்கர் 1,000. தாங்குமா? அதோடு வண்டிக்குள் இருக்கும் பிளக்குகள் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்ப் பிரேக்கர் ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே பாதி அணைந்தால் வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டியைப் பாருங்கள், ஏசியோடு மொத்தமும் அணைந்தால் வெளியே கம்பத்தைப் பாருங்கள்.

அன்று கண்டுபிடித்த வழிதான் அதற்குப் பிறகு எல்லா இரவுக்கும். அதே கம்பத்தில் 30, 50 ஆம்ப் துளைகளோடு சாதாரண 20 ஆம்ப் பிளக் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். அதற்குத் தனி பிரேக்கர். வெளியில் பயன்படுத்துவதற்கென்று விற்கும் தடித்த எக்ஸ்டென்ஷன் வயரை அதில் செருகி, இன்டக்ஷனைப் பிக்னிக் மேசையில் வைத்துவிட்டோம். உள்ளே ஏசி ஓடும், வெளியே சாம்பார் கொதிக்கும். மிளகாய் தாளிக்கும்போது புகை அலாரம் அலறுவதும் நின்றது. மழை, காற்று இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கிளம்பும் முன்

கையுறை போட்டுக்கொண்டு, கழிவுக் குழாயை டம்ப் ஸ்டேஷன் துளையில் நன்றாகப் பொருத்தி, முதலில் கருப்புத் தொட்டி, அதாவது கழிப்பறைத் தொட்டி. அது முழுதும் வடிந்த பிறகு சாம்பல் நிறத் தொட்டி, அதாவது சோப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுங்கள். பாத்திரம் கழுவின, குளித்த சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். வரிசையை மாற்றினால் அலச ஒன்றும் மிஞ்சாது. கருப்புத் தொட்டியின் வால்வை இரவெல்லாம் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், கெட்டியானது உள்ளே தங்கிவிடும். இந்த வேலையை யார் செய்வது என்பதைப் பயணத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம், கணவர் பெயரே மூன்று முறை வந்தது. சீட்டு எழுதினது பெரியவள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியாக வண்டியை ஒரு சுற்று நடந்து பாருங்கள். கரன்ட் வயர் கழற்றியாயிற்றா, தண்ணீர்க் குழாயோடு அந்தப் பித்தளைக் கருவியையும் எடுத்தாயிற்றா, படிக்கட்டு மடங்கியிருக்கிறதா, பந்தல் சுருட்டியிருக்கிறதா, கூரை ஜன்னல் மூடியிருக்கிறதா, உள்ளே ஃபிரிட்ஜ் கதவின் தாழ் விழுந்திருக்கிறதா. அந்தத் தாழை நாங்கள் ஒரு நாள் மறந்தோம். முதல் வளைவிலேயே தோசை மாவு டப்பா தரையில் கவிழ்ந்தது.